வாங்காத சாமானுக்கு ஐந்து நட்சத்திரம்

மக்கா,

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாள். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நீ எறணாகுளத்துக்குப் போனபிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு நிற்கும் மகனுக்கு அப்பன் எழுதுகிற கடிதத்தில் என்னென்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதையெல்லாம் ஆலயத்தில் வைத்துப் போதகர் சொல்வார், என்னைவிட நன்றாகவே சொல்வார். நான் சொல்ல வந்தது நீ ஏலத்தில் விற்ற ஒரு போட் எஞ்சினைப் பற்றி. அந்த எஞ்சின் இப்போது அமரவிளையில் நம் கடைக்குள், பருத்திக்கொட்டைச் சாக்குக்கும் தவிட்டுச் சாக்குக்கும் நடுவில் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நீ வந்து அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

நீ கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில், ரிசார்ட்டுகளிலும் ஆளில்லாத வீடுகளிலும் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கி, துடைத்து மினுக்கி, ஆப்பில் ஏலம் விட ஆரம்பித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்குப் படைக்கிற சாமான்களின் ஏலத்தை எத்தனையோ வருடமாக நான்தானே கூவி விடுகிறேன். அப்பன் தொண்டை கிழியக் கத்தியதை மகன் விரலால் செய்கிறான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். உனக்குப் பெண் கொடுக்கிற கோட்டுகால்காரரும் ஆப்பில் உன் பக்கத்தைத் திறந்து அவருடைய ஆட்களிடம் நட்சத்திரத்தைக் காட்டியிருக்கிறார். "பையனுக்க பேரில ஒரு கொறையும் இல்ல, எல்லாம் அஞ்சாக்கும்" என்று என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

போன வாரம் ஒரு மத்தியான நேரம். கடையில் ஆளில்லை. ஒரு ஆட்டோ வந்து நின்றது. கருத்து மெலிந்த ஒரு மனிதர் இறங்கி, கடையின் பெயர்ப் பலகையையும் கையிலிருந்த போனையும் மாறிமாறிப் பார்த்தார். ஆப்பில் என் முகத்துக்குப் பதிலாக நான் கடைப் பலகையின் படத்தைத்தானே போட்டு வைத்திருக்கிறேன். நீகூட அதற்கு என்னைக் கேலி செய்தாய்.

"அண்ணே, இந்த ஆப்பில எழுதினது நீங்கதானா?" என்று கேட்டார்.

"நானாக்கும். என்ன காரியம்?"

"எனக்க பேரு மிக்கேல். பூவார்ல போட் ஓட்டுதேன். நீங்க நல்லதுன்னு எழுதினதப் பாத்துத்தான் நானும் அந்த ஆளுட்ட ஒரு எஞ்சின் எடுத்தேன். ரெண்டு நாளு ஓடிச்சு. பெறவு ஒரு அனக்கமும் இல்ல. இத்தன பேரு நல்லதுன்னு எழுதியிருக்காங்க, எனக்கு மட்டும் எப்பிடிக் கேடாகும்? எனக்க பக்கத்துத் தப்பாக்குமோன்னு ஒரு சம்சயம். நீங்க அவருட்ட வாங்கின சாமானம் எப்பிடி உண்டு? நல்லா ஓடுதா?"

சொல்லிவிட்டு, நான் எழுதியதை என்னிடமே வாசித்துக் காட்டினார். "மிக நம்பிக்கையான பையன். சாமான் அருமை. கர்த்தர் மேன்மேலும் ஆசீர்வதிப்பாராக." பக்கத்தில் ஐந்து நட்சத்திரம். என்னுடைய வார்த்தைகள்தான். கேட்கக் கேட்க எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் உன்னிடம் என்ன வாங்கினேன்? உன் கையால் ஒரு பல்புகூட வாங்கவில்லை. பெட்டிக்குள் போன சாமானை நான் கண்ணால் கண்டதுமில்லை.

உன்னைத் திட்டுவதற்கு முன் நம் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நாம் எப்படிப் பழகியிருக்கிறோம்? ஒருவர் கொண்டுவந்து படைத்த ஏத்தன் வாழைக்குலையை யாராவது புரட்டிப் பார்ப்பார்களா? மரச்சீனிக் கிழங்கு வேகுமா என்று கேட்பார்களா? மச்சான் ஒரு விலை கேட்டால் மச்சினன் ஏற்றிவிடுவான், வம்புக்காக இன்னொருவன் அதற்கும் மேலே ஏற்றுவான், கடைசியில் எடுத்தவன் "திரும்பவும் ஏலம் விடும்" என்று அதே குலையை என் கையில் கொடுப்பான். உன் தாய்மாமன் ஒரு வருடம் எடுத்த கோழி சாயங்காலமே செத்துப்போனது. அவர் வாயைத் திறந்தாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோழியைக் கொடுத்த வீட்டுக்காரி கேட்டபோது "நல்ல ருசி சேச்சி" என்றார். படைத்த பொருளைக் குறை சொல்வது நம்மிடையே வழக்கமில்லை. அங்கே அது சரிதான். அந்தக் கோழியின் விலை கோழியின் விலை இல்லை என்று வந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை.

நீ குடும்பக் குழுவில், "எல்லாரும் என் பக்கத்தில் ஒரு நல்ல வார்த்தை எழுதுங்க" என்று போட்டாய். நாங்கள் ஆலய ஏலத்துக்குப் போகிற அதே மனதோடு போய் எழுதினோம். அத்தை எழுதினாள், தாய்மாமன் எழுதினார், உன் அம்மா எழுதினாள், துபாயில் இருக்கிற உன் சித்தப்பா மகள் எழுதினாள். நம் பையன், நன்றாக இருக்கட்டும், அவ்வளவுதான் மனதில். அதைப் படித்துப் படகுக்கு எஞ்சின் வாங்க ஒருவர் பூவாரில் உட்கார்ந்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மிக்கேல் சொன்னதைக் கேள்: "எழுதினவங்க பேரெல்லாம் பாத்தேன் அண்ணே, எல்லாம் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும். நம்ம பக்கத்து ஆளுவ பொய் பறய மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அது போதாதென்று இன்னொன்றும் சொன்னார். "கடைசில ஒரு ஆளு விடாம ஏத்திட்டே இருந்தான். எனக்கு விட்டுரலாம்னுதான் தோணிச்சு. ஆனா இவ்வளவு கிராக்கி உண்டுன்னா சாமானம் உசாராக்கும்னு நெனச்சு நானும் ஏத்தினேன்." அந்த ஆள் யாரென்று உனக்குத் தெரியும். "அப்பா, நம்ம கோயில் ஏலம் போல சும்மா ரெண்டு தடவ ஏத்தி விடுங்க, கடைசில விட்டுருங்க" என்று நீ சொன்னாய். நான் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, எதிரே இருப்பது யாரென்று தெரியாமல் சிரித்துச் சிரித்து அமுக்கினேன். எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அது எஞ்சின் நல்லது என்பதற்கு அத்தாட்சி.

சரி, நாங்கள்தான் மடையர்கள், உனக்கும் ஒன்றும் தெரியாதென்று வைத்துக்கொள்ளலாமா? முடியவில்லையே. அந்த எஞ்சின் ஒரு ரிசார்ட்டில் வெள்ளம் ஏறியபோது தண்ணீருக்குள் கிடந்தது என்று நீ அம்மாவிடம் சொன்னாய். கழுவி, பெயின்ட் அடித்து, புதிசு போல ஆக்கிவிட்டதாகச் சொன்னாய். அவளும் என் பிள்ளை என்ன கெட்டிக்காரன் என்று என்னிடம் வந்து சொன்னாள். உன் பக்கத்தில் நீ எழுதியிருப்பது என்ன? "குறைந்த உபயோகம். எந்தப் பழுதும் இல்லை." தண்ணீரில் கிடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைச் சொல்லி விற்றிருந்தால் யாராவது ஒரு மெக்கானிக் தெரிந்தே வாங்கியிருப்பான், குறைவான விலைக்கு. நீ சொல்லாமல் விட்டது அந்த வித்தியாசத்துக்காகத்தான். உன்னைப் பற்றி இப்படி எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது. ஆனால் வேறு எப்படி எழுதுவது?

நான் ஒரு எமர்ஜென்சி விளக்கு வாங்கி ஏமாந்தது நினைவிருக்கிறதா? படத்தில் பெரிதாகத் தெரிந்தது, வந்தது உள்ளங்கைக்குள் அடங்கியது, அதுவும் எரியவில்லை. நான் உள்ளதை எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். விற்றவன் போன் செய்தான். அண்ணா அண்ணா என்று உருகினான். எழுதியதை மாற்றினால் புது விளக்கு அனுப்புகிறேன் என்றான். நானும் மனமிரங்கி மாற்றினேன். விளக்கும் வரவில்லை, அப்புறம் அவன் போனையும் எடுக்கவில்லை. உன் அம்மாவும் ஒருமுறை கிழிந்த சேலையை வாங்கிவிட்டு, அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகள் இருக்கும் பாவம் என்று "பரவாயில்லை" என்று எழுதினவள்தானே. அப்போது நீ எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினாய். முதலில் நட்சத்திரம் குறைந்ததைப் படியுங்கள் என்றாய். புகழ்கிறவர்கள் சாமானைப் பற்றி எழுதுகிறார்களா, ஆளைப் பற்றி எழுதுகிறார்களா என்று பாருங்கள், சாமானைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவன் கையில் சாமான் வந்திருக்காது என்றாய். எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவிந்திருந்தால், ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் ஓடிவிடுங்கள் என்றாய். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கச் சொன்னாய், ஆப்புக்கு வெளியே பைசா அனுப்பாதீர்கள் என்றாய். கோபத்தில் எழுதாமல், சாமானைக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, என்ன சொன்னான் என்ன வந்தது என்று மட்டும் எழுதச் சொன்னாய். நல்ல புத்திமதி. அதன்பிறகு நான் ஒருமுறைகூட ஏமாறவில்லை.

மிக்கேல் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே நீ சொல்லித்தந்ததை வைத்து உன் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே வாரத்தில் எழுதியது. துபாய்க்காரியை விட்டால் எல்லாம் நம் பக்கத்து ஊர். சாமானைப் பற்றி எவரும் பேசவில்லை. நல்ல பையன், தங்கமான பையன், கர்த்தர் ஆசீர்வதிப்பார். உன் கடையில் எதையும் வாங்காதே என்று நீயேதான் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறாய், மக்கா.

டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். பொய் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. 'எனக்க சாமானம் நல்லா ஓடுது, உங்களுக்கத மெக்கானிக்கிட்டக் காட்டுங்க' என்று சொன்னால் அவர் நம்பிப் போயிருப்பார். தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு வந்த மனிதர் அவர். அதனாலேயே என்னால் முடியவில்லை.

"மிக்கேலு, நான் அவனுட்ட ஒண்ணும் வாங்கல்ல," என்றேன். "வித்தவன் எனக்க மகனாக்கும். கடைசில ஏத்தினதும் நானாக்கும். அந்த எஞ்சின் வெள்ளத்துக்குள்ள கெடந்தது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. வாசலுக்குப் போய், ஆட்டோவில் கொண்டுவந்திருந்த எஞ்சினைப் பார்த்தார். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாமல், "அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்று உளறினேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"பெண்ணு எங்க?" என்றார்.

"கோட்டுகால்."

"அய்யோ, அது நம்ம பக்கமாக்குமே. அவங்க எல்லாம் இந்த ஆப்பு பாப்பாங்க." பிறகு என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "இன்னிக்கு ஒரு ஸ்டாரப் போட்டு உள்ளதெல்லாம் எழுதணும்னுதான் இருந்தேன் அண்ணே. இப்பம் எழுதல்ல. கல்யாணம் கழியட்டு. ஒரு பெண்ணுக்க காரியமில்லியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றுலா சீசன் தொடங்குகிற நேரத்தில் தன் படகைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு, இன்னொருவருடைய படகில் கூலிக்கு ஓட்டுகிற மனிதர் அவர். உன்னால் ஏமாந்தவர், உன் மானத்தைப் பற்றி யோசிக்கிறார். உன் மேல் எனக்கு வந்த கோபம் அந்த இடத்தில் வந்ததுதான், அதற்கு முன்பு இருந்ததெல்லாம் வெட்கம்.

ஆனால் யோசித்துப் பார்த்தபோது, அவர் செய்வதும் நாம் செய்த அதே காரியம்தான். இரக்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது. அவர் வாயை மூடினால் உன் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் விழிஞ்ஞத்திலோ கொல்லத்திலோ இன்னொருவன் அதைப் பார்த்து இன்னொன்றை வாங்குவான். அவரை எழுதச் சொல்லி வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் நான் எழுதியது என்னுடையது. ஆட்டோவிலிருந்து எஞ்சினை இறக்கிக் கடைக்குள் வைத்தேன். பைசாவை என் மகன் நேரில் கொண்டுவருவான், நான் தரமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். நான் தந்துவிட்டால் உனக்கு இது ஒரு பார்சல் திரும்பி வந்தது போல ஆகிவிடும்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைக் கேட்காதே. "எழுதப்போறீரா? கல்யாணம் கழிஞ்சு எழுதப்பிடாதா? பெண்ணு வீட்டுக்காரங்க கண்டா என்ன ஆகும்? சொந்த அப்பனே பிள்ளைய நாறடிக்கதா?" என்று உன் அம்மா கத்தினாள். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மிக்கேல் வாசித்துக் காட்டியதையும் சொன்னேன். கல்யாணம் கழியட்டு என்று அவர் சொன்னதைச் சொன்னபோது அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். "எனக்கதையும் மாத்தும்," என்றாள்.

ஆகவே நீ இதைப் படிக்கும்போது உன் பக்கத்தில் நாங்கள் இருவரும் மாற்றி எழுதியது இருக்கும். என்னுடையது இது: "நான் இவரிடம் எதையும் வாங்கியதில்லை. இவர் என் மகன். முன்பு நான் எழுதியது பாசத்தில் எழுதியது, உண்மை இல்லை. ஏலத்தில் விலையை ஏற்றியதும் நான்தான். இவர் விற்ற ஒரு எஞ்சின் தண்ணீரில் கிடந்ததை மறைத்து விற்கப்பட்டது." ஒரு நட்சத்திரத்துக்குக் குறைவாகப் போட ஆப்பில் வழியில்லை. இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டாய் என்று தெரிந்ததும் குடும்பக் குழுவிலும் போடுவேன். நட்சத்திரம் போட்ட அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களும் போய்த் தாங்கள் எழுதியதை எடுக்கட்டும். கோட்டுகால்காரரிடம் நான் பேச மாட்டேன். அந்தப் பெண்ணிடம் நீயே சொல். அவள் வேறொருவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது. சொன்னபிறகு அவள் என்ன நினைத்தாலும் அது அவள் உன்னைத் தெரிந்துகொண்டு நினைப்பதாக இருக்கட்டும்.

பூவாருக்குப் பைசாவோடு போகும்போது என்னைக் கூப்பிடாதே, அம்மாவையும் கூப்பிடாதே. தனியாகப் போ. அவருடைய படகைப் பார். எழுதியதை மாற்றச் சொல்லியோ எழுதாமல் இருக்கச் சொல்லியோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடாதே. என் விளக்குக்காரன் செய்த வேலை அது. அவர் எழுதுவதும் எழுதாததும் அவர் இஷ்டம். உன் கடையை மூடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு அந்த வேலையில் சாமர்த்தியம் உண்டு. தண்ணீரில் கிடந்ததைத் தண்ணீரில் கிடந்தது என்று எழுதி விற்றுப் பார், எத்தனை நட்சத்திரம் வருகிறதோ வரட்டும். நாங்கள் யாரும் இனி அதில் கைவைக்க மாட்டோம்.

இன்னும் ஒன்று. மிக்கேல் கடையை விட்டு இறங்கும்போது நான் அவரைக் கல்யாணத்துக்கு அழைத்தேன். யோசித்து அழைத்ததில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்து, "வாறேன் அண்ணே," என்றார். சும்மா சொன்னதாகத் தெரியவில்லை, நிச்சயம் வருவார். மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, மேடை ஏறி, உனக்குக் கைகொடுக்கக் கையை நீட்டுவார். அப்போது நீ என் பக்கம் திரும்பி, "ஆரப்பா இது?" என்று கேட்கக் கூடாது.

அப்பா